எக்ஸ்ரே அக்காவும் என் வால் வார்த்தைகளும்

கட்டி முடித்த குப்பைப் பையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் வெளியிலிருந்தே மெதுவாக அமுக்குகிறார் எக்ஸ்ரே அக்கா. பார்வை எதிர்ச் சுவரில் எங்கேயோ நிற்கிறது. "மருந்து அட்டை ரெண்டு. ஆரஞ்சுத் தோலு. பேப்பர் கப்பு நாலு, இல்ல, அஞ்சு. ஒரு சாக்ஸ். பாப்பா சாக்ஸ். ஒத்தைதான் இருக்கு, ஜோடி கட்டிலுக்கு அடியில கெடக்கும், போய்ப் பாரும்மா." பக்கத்தில் நின்ற ஆயா போகிறார், குனிகிறார், கட்டைவிரல் அளவு சாக்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்.

"வேணும்னு யாராவது ஒத்தை சாக்ஸைக் குப்பையில போடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா முடிச்சை அவிழ்த்து மற்றதையும் வெளியே எடுக்கிறார். கேள்வி, பையைக் கட்டியவருக்கு. கட்டியவர் தலையைச் சொறிகிறார்.

ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடி. பிரசவ வார்டு, இருபத்திரண்டு அறைகள். இருபத்தொரு வருடமாக அந்த மாடியின் சுத்தம் அக்காவின் பொறுப்பு. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஆள் குள்ளம். நீலக் கோட்டின் வலது பையில் ஒரு குட்டி டார்ச், இடது பையில் ரப்பர் பேண்டுகளும் ஒரு மார்க்கர் பேனாவும். தரையைப் பார்த்தேதான் நடப்பார். எதிரில் வருகிறவரைச் செருப்பை வைத்து அடையாளம் கண்டுகொள்வார். முதல் வாரம் முழுக்க என்னைப் பற்றி மற்றவர்களிடம் "அந்த பழுப்பு பூட்ஸ் சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பையை வெளியிலிருந்து தொட்டே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவதால் எக்ஸ்ரே அக்கா. பெயரை வைத்தவர் லிஃப்ட்காரர். டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இந்த வித்தையால் இதுவரை அவர் குப்பையிலிருந்து மீட்டது துணைக்கு வந்த பாட்டிகளின் பதினாலு பல்செட்டு, மூன்று மோதிரம், ஒரு வீட்டுச் சாவிக்கொத்து, பிள்ளைக்குப் பெயர் எழுதி வைத்திருந்த ஒரு துண்டுச் சீட்டு. பல்செட்டு விஷயத்தில் அவருக்கு மனிதகுலத்தின் மேலேயே கோபம் உண்டு. "கழட்டினா எல்லாரும் டிஷ்யூல சுத்தி வெப்பாங்க சார். ஏன்னு கேட்டா தெரியாது. டிஷ்யூல சுத்திட்டா எதுவானாலும் குப்பைதான். கடவுளையே டிஷ்யூல சுத்தி மேசை மேல வெச்சாலும் யாராவது தூக்கிப் போட்டுடுவாங்க."

இப்படிப்பட்ட ஒருவருக்குக் குப்பை போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். அதுவும் ஆங்கிலத்தில். என் அதிகப்பிரசங்கித்தனத்தால் ஒரு தாய்க்குத் தன் பிள்ளை அழுவது கேட்காமல் போகப் பார்த்தது. அதை நடக்கவிடாமல் தடுத்தவர் இந்த அக்கா. அதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டி முழக்குகிறேன்.

நான் பதினோரு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். மருத்துவமனைக்கு ஏதோ தரச்சான்று வாங்க வேண்டியிருந்தது. பார்வையிட வருகிறவர்கள் துப்புரவு ஊழியர்கள், ஆயாக்கள், சலவைக்காரம்மா, லிஃப்ட்காரர் எல்லாரையும் ஆங்கிலத்தில் ரெண்டு கேள்வி கேட்பார்களாம். நிர்வாகம் என்னிடம் பதினெட்டு சொற்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தது. க்ளீன் அப், டைடி அப், க்ளியர் அவே, புட் அவே, வைப் டவுன், த்ரோ அவே, த்ரோ அவுட், ஸார்ட் அவுட் என்று போகும். எல்லாம் ஒதுங்கவைக்கிற, ஒழித்துக்கட்டுகிற சமாச்சாரம். ஒரு வினைச்சொல், அதன் பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குட்டிச் சொல்தான் அர்த்தத்தை இழுத்துக்கொண்டு போகும் என்று விளக்கினேன்.

"வால் மாதிரி," என்றார் அக்கா.

அன்றிலிருந்து வகுப்பில் அதற்குப் பெயர் வால் வார்த்தை. நான் பலகையில் எழுதிய நீளமான இலக்கணப் பெயரை அழிக்கக்கூட இல்லை, யாரும் சீந்தவே இல்லை.

பட்டியலைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒரே ஆச்சரியம். "ஒரு குப்பையைப் போடறதுக்கு இத்தனை வார்த்தையா? இங்கிலீஷ்காரங்களுக்கு வேற வேலை வெட்டி கிடையாதா சார்?" மூன்றாம் நாள் நேராக மடக்கினார். "த்ரோ அவேங்கறீங்க, த்ரோ அவுட்டுங்கறீங்க. ரெண்டும் தூக்கிப் போடறதுதானே. என்ன வித்தியாசம்?" நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் சூழலைப் பொறுத்து, வழக்கைப் பொறுத்து என்று வளவளவென்று ஏதோ சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலியான பேப்பர் கப்பைக் கூடையில் போட்டார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அறைக்கு வெளியே வைத்தார்.

"கைய விட்டுப் போச்சுன்னா அவே. வாசலை விட்டுப் போச்சுன்னா அவுட்டு. சரியா சார்?"

அகராதிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பதினோரு வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்ததில்லை. 

அவர் விடவில்லை. "அப்புன்னு வந்தா பாக்கி வெக்காம முடிச்சாச்சுன்னு அர்த்தம். டவுனுன்னா மேலருந்து கீழ. கதவு துடைக்கறப்ப கீழருந்து மேல துடைச்சா அழுக்கு திரும்ப இறங்கும்ல, அதனால டவுனு." பட்டியலில் கடைசி, கெட் ரிட் ஆஃப். அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். "இது தலைமுழுகறது சார். தொல்லை விட்டுதுடா சாமின்னு." அப்புறம் தன் விரலை மடக்கி மடக்கி, எடுத்து வை, ஒதுக்கி வை, ஏறக்கட்டு, விட்டெறி, தூக்கிப் போடு, கழிச்சுக்கட்டு, துடைச்செடு, தலைமுழுகு என்று எண்ணிக்கொண்டே போனார். "நம்மகிட்டயும் கம்மியா ஒண்ணும் இல்லையே!" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இங்கிலீஷ்காரர்கள் மேலிருந்த கோபமும் அன்றோடு தணிந்துவிட்டது.

வீட்டில் அக்கா துடைப்பத்தைத் தொடுவதில்லை. கணவர் முடிதிருத்துகிறவர், நாள் பூராவும் அவரும் கூட்டுகிறவர்தான். "நான் இருபத்திரண்டு ரூமு, அவரு ஒரு கடை. வீட்டை யாரு கூட்டறதுன்னு தினமும் பஞ்சாயத்து. ரெண்டு பேரும் ரோஷமா உக்காந்திருப்போம். கடைசில யாரு கால்ல முதல்ல மண்ணு ஒட்டுதோ அவங்க எந்திரிக்கணும்." கணவர் இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே செருப்பு போட்டுக்கொண்டு திரிகிறாராம். அது கள்ள ஆட்டம் என்பது அக்காவின் கட்சி.

வேலையில் அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம். கேட்டுட்டுப் போடு. படுக்கைப் பக்கத்தில் இருக்கும் எதையும், அது வாழைப்பழத் தோலாகவே இருந்தாலும், படுத்திருக்கிறவரைக் கேட்காமல் அவர் தொடமாட்டார். தூங்கினால் விழிக்கிறவரை காத்திருப்பார். "நமக்குக் குப்பைன்னு தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?" இந்தச் சட்டத்தை அவர் வகுப்பில் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.

புதன்கிழமை இரண்டு மணி வகுப்பு. மூன்றாவது மாடியின் கோடியில் பார்வையாளர் அறையில் நடக்கும். வெறும் பட்டியலை வைத்து ஒப்பிப்பது அலுத்துப்போய்விட்டது. இன்றைக்கு நிஜப் பொருள்களை வைத்து நடத்துவோம் என்று எனக்கு உற்சாகம் பிறந்தது. உற்சாகம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. ஏழாம் அறை திறந்திருந்தது. உள்ளே முந்தாநாள் பிள்ளை பெற்ற ஒரு பெண் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை தொட்டிலில். கணவன் மருந்து வாங்கப் போயிருந்தான். கட்டிலோரமாக ஒரு சக்கர மேசை. அதன் மேல் செய்தித்தாள், பேப்பர் கப்பு, மாதுளம்பழத் தோல் கிடந்த தட்டு, கசங்கிய டிஷ்யூ ஒன்று. பாடத்துக்கென்றே பரப்பி வைத்த மாதிரி இருந்தது. நர்ஸிடம் "மேசையைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?" என்றார் அக்கா.

"தூங்குதுக்கா. வெறும் குப்பைதானே. பாடத்துக்குத்தான்."

"அப்ப நான் தொடமாட்டேன்." கடைசி நாற்காலியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மணி மூன்றடிக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். என் நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே 'பங்கெடுக்கவில்லை' என்று குறித்துவைத்தேன். என் கொழுப்புதான்.

பாடம் அமர்க்களமாக நடந்தது. நான் கட்டளை போட, ஒவ்வொருவராக வந்து செய்தார்கள். த்ரோ இட் அவே என்றதும் டிஷ்யூ கறுப்புப் பைக்குள் போனது. கைதட்டல். பையின் வாயை நானே கட்டிக் காட்டினேன். வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்தார்கள், பைகள் தள்ளுவண்டியில் கீழே போயின. மேசையைப் பளபளவென்று துடைத்துத் திரும்பக் கொண்டுபோய் ஏழாம் அறையில் வைத்தேன். என்னவோ சாதித்துவிட்ட நினைப்பு.

மூன்று பத்துக்கு அந்த அறையிலிருந்து சத்தம்.

அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே காது கேட்காது. காதில் செருகிக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு, மொச்சைக்கொட்டை அளவு. அது இருந்தால் நன்றாகவே கேட்கும். தூங்கும்போது உறுத்துகிறதென்று கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, மேசையில் வைத்திருக்கிறாள். விழித்தபோது மேசை பளிச்சென்று இருந்தது.

கணவன் வந்துவிட்டிருந்தான். லாரி ஓட்டுகிறவன். கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடிக்கொண்டிருந்தான். அவள் பிள்ளையை மடியில் போட்டு, அதன் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை வேறெங்கும் திருப்பவில்லை. "புதுசு வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகும்," என்றாள், தன் குரலின் அளவு தெரியாமல் உரக்க. "திங்கக்கிழமை இவரு வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாரு. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். அவன் அழுதா எனக்கு எப்படித் தெரியும்?"

 வாசலில் நின்ற எக்ஸ்ரே அக்கா என்னைப் பார்த்தார்.  "நாலு மணிக்குக் குப்பை வண்டி வந்துடும். வாங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் தலை நிமிர்ந்து நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கீழ்த்தளத்துக் குப்பை அறையில் கறுப்புப் பைகள் நாற்பதுக்குக் குறையாமல் குவிந்து கிடந்தன. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அக்கா முடிச்சுகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். "இது ரெண்டாம் மாடி ஆயா கட்டு, மூணு சுத்து சுத்தும். இது சமையல்காரரு, இறுக்கவே மாட்டாரு. இது நம்மாளு யாரும் கட்டினதில்ல." பூட்ஸ் நாடா மாதிரி பூப்போட்டுக் கட்டியிருந்த ஒரு பையைத் தூக்கினார். என் கட்டு! இரண்டு விரலால் அமுக்கினார். "பேப்பரு. கப்பு. மாதுளந்தோலு." நிறுத்தினார். "டிஷ்யூ இல்ல சார்."

"இருக்கணுமேக்கா! உள்ள போனதை நான் என் கண்ணால பாத்தேன்."

என் மனசு ஆறுவதற்காகத்தான் அதைப் பிரித்துக் கொட்டினார் என்று நினைக்கிறேன். அவர் சொன்ன மூன்று சாமான்தான் இருந்தன. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மணி மூன்றரை.

"உக்காந்தா ஆச்சா? எந்திரிங்க. மத்தியானம் என்னென்ன சொன்னீங்களோ, வரிசை மாறாம அப்படியே சொல்லுங்க."

"எதுக்குக்கா?"

"சொல்லுங்க தம்பி." சார் போய்த் தம்பி வந்ததும் நான் எழுந்துகொண்டேன்.

அந்த நாற்றத்துக்கு நடுவில் நின்று பாடத்தை ஒப்பித்தேன். பிக் அப் என்றேன். அக்கா வெறுங்கையால் காற்றிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்தார். "சலவைக்காரம்மா எடுத்தாங்க." க்ளியர் அவே. ஒரு கப்பை நகர்த்தினார். "ஆயா." த்ரோ அவே. கை டிஷ்யூவைப் போட்டது. டை அப். பூப்போட்டுக் கட்டியது, என்னை மாதிரியே, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு. கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், யார் எந்தப் பக்கம் நின்றார், எந்தக் கையால் எதை எடுத்தார் என்பது வரைக்கும் ஒன்றுவிடாமல் மனசில் ஏற்றி வைத்திருக்கிறார்.  மேற்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. "அவ்வளவுதான்," என்றேன்.

"இல்ல. அப்புறம் லிஃப்ட்காரரு லேட்டா வந்தாரு."

பளிச்சென்று உறைத்தது. அவருக்காக முடிச்சை அவிழ்த்து, டேக் அவுட் என்று சொல்லி, போட்டதையெல்லாம் திரும்ப மேசையில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். "டேக் அவுட்டு," என்றார் அக்கா. காற்றிலிருந்த எல்லாம் வெளியே வந்தது. "அடுத்தது?"

"ஸார்ட் அவுட்."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "கூப்பிடுங்க லிஃப்ட்காரரை."

லிஃப்ட்காரர் ஓடி வந்தார். பாவம், நல்ல மாணவர். ரகம் பிரித்துப் போடு என்று நான் சொன்னதை ஒழுங்காகச் செய்திருக்கிறார். சாதாரணக் குப்பை கறுப்பில், ரத்தக்கறை உள்ளது மஞ்சளில். டிஷ்யூவில் மாதுளஞ்சாறு. "சிவப்பா இருந்துதேக்கா. வகுப்புக்குன்னு வார்டுலருந்து கொண்டாந்திருந்த மஞ்சள் பையில போட்டுக் கட்டினேன். சார்கூட வெரி குட்டுன்னாரே!"

சொல்லியிருக்கிறேன். கறுப்புப் பையை மறுபடி பூப்போட்டுக் கட்டிக்கொண்டே சொன்னது நன்றாக ஞாபகம் வந்தது.

மஞ்சள் பைகள் பக்கத்து அறையில், தனியாக. நாலு மணிக்கு வரும் வண்டி அவற்றை எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்விடும். மொத்தம் பதினொன்று. அக்காவின் பேர்போன வித்தை இங்கே எடுபடாது. "மஞ்சளை அமுக்கக் கூடாது. தப்பித் தவறி ஊசி இருந்தா?" ஒவ்வொன்றிலும் மாடி எண் எழுதிய சீட்டு தொங்கியது. மூன்றாவது மாடியில் மூன்று பை. "எப்படிக் கட்டின? கையால காட்டு." லிஃப்ட்காரர் காற்றில் கட்டிக் காட்டினார். நடு முடிச்சுக்கு மேல் இன்னொரு அரை முடிச்சு. அக்கா நடுப் பையைக் காட்டினார். ஆனால் தொடவில்லை.

கட்டிய மஞ்சள் பையைப் பிரிப்பது குற்றம். தொற்றுத் தடுப்பைப் பார்க்கும் பெரிய சிஸ்டரைக் கூட்டி வரச் சொன்னார். சிஸ்டர் வந்தார், கேட்டார், முடியாது என்றார். மணி மூன்று ஐம்பது. வெளியே வண்டி பின்னால் வருகிற சத்தம் கேட்டது.

"ரூலு சரிதான் சிஸ்டர். இருபத்தொரு வருஷமா நானும் அதைத்தான் எல்லாருக்கும் சொல்றேன்," என்றார் அக்கா. "நீங்க ஒரு தடவை மாடிக்குப் போய், அந்தப் பொண்ணு பிள்ளை வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு வாங்க. வந்து முடியாதுன்னு சொன்னீங்கன்னா, நானே இந்தப் பையை வண்டியில ஏத்தறேன்."

சிஸ்டர் மாடிக்குப் போகவில்லை.  உள்ளே போய் முழங்கை வரைக்கும் வருகிற கையுறை, மேலங்கி, முகமூடி, கண்ணாடி, ஒரு நீள இடுக்கி எல்லாவற்றையும் கொண்டுவந்தார். "நான் பக்கத்துலயே நிப்பேன். அவசரப்படக் கூடாது." வண்டிக்காரரிடம் போய் "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதையெல்லாம் மாட்டிக்கொண்டு, தரையில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பில் அக்கா அந்தப் பையைப் பிரித்தார். எனக்கென்னவோ அவர் கிளறுவார் என்ற நினைப்பு. கிளறவே இல்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, பஞ்சுக்கு ஒரு வரிசை, கட்டுத் துணிக்கு ஒரு வரிசை என்று அடுக்கிக்கொண்டே வந்தார். இடுக்கி உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.  நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்; வெட்கம் பிடுங்கித் தின்றது. அருவருப்புப் படவேண்டிய எதையும் அவர் அருவருத்துத் தொடவில்லை. அந்த விரிப்பைப் போல ஒழுங்காக என் புத்தக அலமாரிகூட இருந்ததில்லை.

பதினேழாவதோ பதினெட்டாவதோ, சிவப்புக் கறை படிந்த டிஷ்யூ. பிரித்தார். இருந்தது.

"ஆண்டவா!" என்றேன் நான். லிஃப்ட்காரர் அழுதேவிட்டார்.

சிஸ்டர் அதை வாங்கி, ஸ்பிரிட் பஞ்சால் மூன்று தடவை துடைத்தார். தண்ணீர் படக் கூடாது என்று அக்கா பக்கத்திலிருந்து அதட்டிக்கொண்டிருந்தார். பாட்டரி மூடியை அழுத்தி, உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார் சிஸ்டர். கீய்ங் என்று ஒரு சின்ன விசில் கேட்டது. "கத்துது பாருங்க. கத்தினா உயிரோட இருக்கு," என்றார் அக்கா. கொட்டியதையெல்லாம் திரும்பவும் வேறொரு மஞ்சள் பைக்குள் போட்டு, கட்டி, சீட்டு எழுதி, வண்டியில் ஏற்றிய பிறகுதான் மாடிக்கு வந்தார்.

ஏழாம் அறையில் நடந்ததை நானே சொன்னேன். "நீங்கதான் சொல்லணும்," என்று அக்கா வழியிலேயே சொல்லிவிட்டிருந்தார். கணவன் என்னை முறைத்தான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பெண் நான் சொன்னதைக் கவனிக்கவே இல்லை. சிஸ்டரின் கையிலிருந்ததைப் பறிக்காத குறையாக வாங்கி, காதில் செருகி, திருகி, தலையைச் சாய்த்தாள்.

"கேக்குதா?" என்றான் கணவன்.

"கேக்குது. நீ பேசறது கேக்குது." குனிந்து மடியைப் பார்த்தாள். பிள்ளை வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, உலகமே இடிந்தாலும் எழுந்திருக்கிற உத்தேசம் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. "இவன் சத்தம் கேக்குதான்னுதான் இன்னும்..." என்று இழுத்தாள். கையை அதன் நெஞ்சிலிருந்து எடுக்கவும் இல்லை, முகத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

நாங்கள் ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்றோம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பேசினால் விழித்துக்கொள்ளுமோ என்று பேசாமலும் இருந்தோம், விழித்துக்கொள்ளாதா என்று பார்த்துக்கொண்டும் இருந்தோம். "தூங்கற குழந்தையை எழுப்பக் கூடாது," என்று சிஸ்டர் கிசுகிசுத்தார்.

எக்ஸ்ரே அக்கா மூலையிலிருந்த குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து, "கேட்டுக்கறேன்ம்மா, தொடலாமா?" என்றார். அவள் புரியாமல் தலையாட்டினாள். துணியை விலக்கி அந்தச் சின்னப் பாதத்தை இடது கையில் ஏந்திக்கொண்டு, உள்ளங்காலில் ஆள்காட்டி விரலால் சுளீரென்று ஒரு சுண்டு சுண்டினார்.

பிள்ளை வீறிட்டது.